பதின்மூன்று படி

காலை எட்டுக்கு ஹேடன் ப்ரோபர்ட் வீட்டில்
தண்டவாளத்தைக் கழற்றினேன்.
அவர் போய் ஆறு வாரம்.
மகள் தேநீர் தந்தாள், படிப்பக்கம் திரும்பாமல்.
நாற்காலியின் வலது கைப்பிடியில்
சிகரெட் சுட்ட ஓட்டை, மிளகளவு.
"மேலே போகிற நாற்பது நொடி
யாரும் அவரைத் திட்ட முடியாது" என்றாள்.
துடைத்துத் துணி சுற்றி வேனில் ஏற்றினேன்.

மழை.
பள்ளத்தாக்கு நெடுக ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த வீடுகள்.
சுரங்கத்துக்கு நிமிர்ந்து போய்க்
குனிந்து திரும்பியவர்களுக்காகக் கட்டியவை.
கட்டியவன் எவனும் முழங்காலைக் கேட்கவில்லை.
ஏணிக்குத் தங்கை மாதிரி ஒரு படிக்கட்டு,
அதன் உச்சியில் குளியலறை.

பதினோரு மணிக்கு மெரெரிட் வான்.
முப்பத்தெட்டு வயது. கணக்கு வாத்தியார், இப்போது கணினி வழியாக.
இரண்டு குளிர்காலமாக முன்னறையில் கட்டில்,
திரைச்சீலைக்கு வெளியே பேருந்து நிறுத்தம்.
"எண்பத்தாறாம் எண்ணில் வருகிறவர்களுக்கு
என் குறட்டை தெரியும்" என்றாள்.
குளியல் என்பது ஒரு வாளி, ஒரு துணி,
தங்கை வருகிற ஞாயிறு.

கவுன்சில் படிவம் மேசைமேல் கிடந்தது.
'இச்சாதனம் எவ்வளவு காலத்துக்குத் தேவைப்படும்?'
அவள் எழுதியிருந்தாள்:
மாடி இருக்கும் வரை.
அதன் பக்கத்தில் எவரோ பென்சிலால்
ஒரு கேள்விக்குறி.

தண்டவாளம் ஒரு சாண் நீளம் கூடுதல்.
அறுத்தேன்.
ப்ரோபர்ட்டின் படி பதினாலு, இவளுக்குப் பதின்மூன்று.
இரும்புத் துகள் கம்பளத்தில் விழாமல்
செய்தித்தாள் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
"அடுத்த வருஷமும் தருவார்களா?"

என்ன சொல்ல.
வியாழக்கிழமை கூட்டம்.
புதிது வாங்க மாட்டார்கள், பழையதைச் சுற்றில் விடுவார்கள் என்கிறார்கள்.
வருமானம் பார்த்துத்தான் என்கிறார் ஒருவர்.
வீட்டை மாற்றுவதைவிட
ஆளை மாற்றுவது மலிவு என்று
அப்படியே சொல்லவில்லை,
'பொருத்தமான குடியிருப்புக்கு இடம்பெயர்தல்' என்றார் இன்னொருவர்.
என் ஒப்பந்தம் மார்ச் வரை.
கிடங்கில் தண்டவாளம் பதினொன்று,
பட்டியலில் பெயர் நாற்பத்தேழு.
வகுத்துச் சொல்லுங்கள், நீங்கள்தானே கணக்கு வாத்தியார்.

அவள் வகுக்கவில்லை.
"யாராவது சாகணுமா?" என்றாள்.
திருகாணியை இறுக்கினேன்.
ஏற்கெனவே இறுகியிருந்ததை.

பெல்ட் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள்.
மோட்டார் முனகியது, பல் ஒவ்வொன்றாய்க் கடித்து.
ஏழாவது படியில் நிறுத்தினாள்.
பழுதோ என்று ஓடினேன்.
இல்லை. அங்கேயிருந்து தன் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வேறு யாருடையதோ போல.

பிறகு உச்சி.
உள்ளே சக்கரம் உருளும் ஓசை, ஒரு கதவு,
நெடுநேரம் ஒன்றுமில்லை.
நான் கீழே பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்,
அடுக்கியதையே மறுபடி.

"இந்தச் சுவர்க் காகிதம் எவ்வளவு அசிங்கம்!
மறந்தே போயிருந்தேன்!"
சத்தமாக, மேலிருந்து. சிரிப்பா என்று தெரியவில்லை.
பிறகு குழாய் திறக்கும் ஓசை.
மூடும் ஓசை கேட்கவில்லை.

இறங்கியவள் உடனே மறுபடி ஏறினாள்.
ஏறுவது நிச்சயம்தானா என்று பார்க்கவாம்.
மூன்றாம் முறை இறங்குகையில்
அவளுடைய சுண்டுவிரல் கைப்பிடி ஓட்டைக்குள் இருந்தது.
"இது யார்?" என்றாள்.
எது என்று கேட்கவில்லை.
பெயர் சொல்லக் கூடாது, விதி.
"புகை பிடிப்பவர்" என்றேன்.

வேனில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்.
நிறுவிய நேரம்: இரண்டு மணி பத்து நிமிடம்.
பயனாளி திருப்தி: ஆம்.
சேதம், இருப்பின் விவரிக்க:
இல்லை.

அடுத்த வீடு மலையின் அந்தப் பக்கம்.
இறங்கி ஓட்டுநர் கதவைச் சாத்தும்போது
இடது முழங்காலில் ஒரு சுருக்.
கொஞ்ச நாளாக இருக்கிறது.
என் வீட்டில் எத்தனை படி?
இருபது வருஷமாக ஏறுகிறேன்,
ஒருநாளும் எண்ணியதில்லை.